வகுப்பறை விதிகள்: கையொப்பமிடும் முன் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

கல்வியாண்டின் முதல் வாரத்தில் பிள்ளையின் பையிலிருந்து நான்கைந்து தாள்கள் வெளிவரும். வருகை, தாமதம், வீட்டுப்பாடம், உடல்நலம், நடத்தை, பிறந்தநாள், கைபேசி, மாலையில் அழைத்துப்போக வரக்கூடியவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருக்கும். கடைசித் தாளின் அடியில் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற வரியும், அதற்கு நேராகக் கையொப்பத்துக்கான கோடும் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படும். மறுநாள் காலையில் தாள்கள் பள்ளிக்குத் திரும்பிவிடும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், பிள்ளையை அழைத்துவரப் போன மாமாவிடம் பிள்ளையை ஒப்படைக்க மறுத்துவிட்டார்கள் என்றோ, லேசாக உடம்பு சுட்டதற்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றோ முதல் மனத்தாங்கல் கிளம்பும்போதுதான், அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்ற தேடல் தொடங்கும்.

இப்படிப்பட்ட மனத்தாங்கல்களில் பெரும்பகுதிக்குக் காரணம், பெற்றோர் அந்த விதிகளைத் தம் பிள்ளைக்கென்று எழுதப்பட்ட கடிதமாகப் படிப்பதுதான். 'என் மகள் பொய் சொல்ல மாட்டாளே, அவள் சொன்னால் போதாதா?' என்று தாய்க்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரே ஒரு பெரியவர், 25 அல்லது 30 சிறுவர்களை, ஒரே அறையில், நாள்தோறும் ஆறு மணி நேரம் பாதுகாப்பாக வைத்திருந்து, அதற்கிடையில் எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுப்பதற்கான ஏற்பாட்டைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. அவற்றுள் சில விதிகள் கூட்டத்தை நடத்துவதற்காக எழுந்தவை; சில, ஆபத்தும் சட்டப் பொறுப்பும் பற்றியவை; இன்னும் சில, பல ஆண்டுகளாக யாரும் கேள்வி கேட்காததால் மட்டுமே நிலைத்திருப்பவை. எது எந்த வகை என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்தால், எதற்கு மறுபேச்சின்றி இணங்குவது, எதைப் பற்றி விளக்கம் கேட்பது, எதை மாற்றச் சொல்லிப் பேசுவது என்பதில் குழப்பம் இராது.

ஒரு தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில், ஒரு காலைப்பொழுது முழுவதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. மணி அடித்த பின் ஆசிரியரிடம் வந்து சேர்ந்த கோரிக்கைகளை எண்ணிப் பார்க்க முயன்று, இருபதைத் தாண்டியதும் கைவிட்டேன். ஒருவனுடைய பையின் ஜிப் துணியைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தது; இன்னொருத்தியின் தண்ணீர் பாட்டில் மூடி திறக்கவில்லை; ஒரு பையன் முந்தின இரவு விழுந்த தன் பல்லைத் தாளில் மடித்து எடுத்துவந்து விரித்துக் காட்டினான்; ஒரு சிறுமி ஒன்றுமே சொல்லாமல் அருகில் வந்து ஆசிரியரின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். அவர் ஜிப்பை இழுத்துக்கொண்டே பெயர்களை அழைத்து வருகையைக் குறித்தார். பார்வை மட்டும் அறை முழுவதும் சுற்றிக்கொண்டே இருந்தது. விழுந்த பல்லுக்காக மட்டும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 25 பிள்ளைகளுக்கு 50 நிமிடம் ஆகிவிடும். அதாவது ஒரு பாடவேளை முழுவதும் போய்விடும். 'உள்ளே வந்ததும் பையை மாட்டு, குறிப்பேட்டைத் தட்டில் வை, கரும்பலகையில் உள்ளதை எழுதத் தொடங்கு' என்ற, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இராணுவத்தனமாகத் தோன்றும் ஒழுங்கு இதற்காகவே ஏற்பட்டது. அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின், வகுப்பறைகளை நிகழ்படமாகப் பதிவுசெய்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட நூலில், இதற்கு முன் பலரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். தவறு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதை வைத்து, நன்றாக நடக்கும் வகுப்பையும் குழம்பிக் கிடக்கும் வகுப்பையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அறையின் ஒவ்வொரு மூலையிலும் நடப்பது தமக்குத் தெரிகிறது என்பதைப் பிள்ளைகள் உணரும்படி நடந்துகொள்வதும், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறும் இடைவெளியைத் தடங்கலின்றிக் கடத்துவதும்தான் வேறுபாட்டை உண்டாக்கின. ஆகவே பிள்ளை வீட்டுக்கு வந்து, 'இன்றைக்கும் வரிசையில் நிற்கத்தான் பழகினோம்' என்று சொன்னால், பாடம் நடக்கவில்லையே என்று பெற்றோர் பதற வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களை இதற்குச் செலவிடும் ஆசிரியர் அந்த நேரத்தை ஆண்டு முழுவதும் திரும்பப் பெறுகிறார்.

தாமதத்தைப் பற்றிய கெடுபிடியும் இதே கணக்கில் அடங்குவதுதான். ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள் என்று வைத்துக்கொண்டால், நாளுக்குப் பத்து நிமிடத் தாமதம் 1800 நிமிடமாகும். அது 30 மணி நேரம், ஏறத்தாழ ஐந்து முழுப் பள்ளி நாட்கள். அந்தப் பத்து நிமிடங்களில்தான் அன்றைக்கு என்னென்ன நடக்கும், யாரோடு யார் உட்கார வேண்டும், எந்தப் புத்தகம் வேண்டும் என்பதெல்லாம் சொல்லப்படுகிறது என்பதால், தவறவிட்டவன் அடுத்த ஒரு மணி நேரத்தையும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் பார்த்தே ஓட்டுகிறான். விடுப்பின் கதையும் இதுதான். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கை இழப்பதைத் தொடர் வருகையின்மை என்று அமெரிக்காவில் பரவலாகக் கணக்கிடுகிறார்கள். 180 நாளில் அது 18 நாள், மாதத்துக்கு இரண்டு நாள்தான். நியாயமான காரணத்தோடு, முறையாகக் கடிதம் கொடுத்து எடுத்த விடுப்பும் இந்தக் கணக்கில் சேரும். ஏனெனில் அன்று நடந்த பாடம் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப நடக்கப்போவதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் வயதில், இடையில் ஒரு படி விட்டுப்போனது பல வாரங்கள் கழித்தே வெளியில் தெரியவரும்.

மாலையில் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு ஏன் அபராதம் விதிப்பதில்லை என்று சிலர் கேட்பதுண்டு. இதற்குச் சுவையான ஒரு விடை இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் நடத்திய சோதனையைப் பற்றி யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் அபராதம் என்று அறிவித்த காப்பகங்களில், தாமதமாக வருவோரின் எண்ணிக்கை குறைவதற்கு மாறாகக் கூடிக்கொண்டே போய் ஏறத்தாழ இருமடங்கை எட்டியது. அபராதத்தை எடுத்துவிட்ட பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காத்திருக்கும் ஆசிரியரை எண்ணிக் கூசிய மனம், காசு கொடுத்தவுடன் கூசுவதை நிறுத்திக்கொண்டது. பணம் வசூலிக்காமல், தாமதமாக வந்தவரை நேரில் அழைத்துப் பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையொப்பமிடச் செய்யும் பள்ளிகள், தெரிந்தோ தெரியாமலோ, மேலான வழியைத்தான் பின்பற்றுகின்றன என்பது என் எண்ணம். காலியான வராந்தாவில், ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு கடைசியாக நிற்கும் பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டவர்களுக்கு அந்தக் கையொப்பம் பெரிய தண்டனையாகத் தோன்றாது.

மாமாவிடம் பிள்ளையை ஒப்படைக்காத விவகாரம் முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. இதில் சலுகை கேட்பதே தவறு. ஒரு குடும்பத்துக்குள் யாருக்கும் யாருக்கும் ஆகாது, நீதிமன்றம் யாரிடம் பிள்ளையை விட்டிருக்கிறது, யார் வாசல்வரை வரக் கூடாது என்பதெல்லாம் வகுப்பாசிரியருக்குத் தெரிய வழியில்லை. அவருக்குத் தெரிந்தது பட்டியலில் உள்ள பெயர் மட்டுமே. 'அம்மா என்னை இன்றைக்கு சித்தியோடு போகச் சொன்னாள்' என்று ஆறு வயதுப் பிள்ளை உறுதியாகச் சொல்லும்; அது உண்மையாகவும் இருக்கலாம், போன வாரம் சொன்னதாகவும் இருக்கலாம், சித்தி வீட்டு நாய்க்குட்டியின் மேல் உள்ள ஆசையாகவும் இருக்கலாம். மாற்றம் எதுவானாலும் எழுத்தில், பள்ளி குறிப்பிடும் நேரத்துக்குள், அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆசிரியரின் கைபேசிக்கு மட்டும் செய்தி அனுப்பிவிட்டு இருந்துவிடக் கூடாது. வகுப்பு நடத்துகிறவர் மாலைவரை கைபேசியைப் பார்க்காமல் இருக்கலாம், அன்று விடுப்பிலும் இருக்கலாம்.

உடல்நல விதிகளில் பெற்றோர் அதிகம் மீறுவது காய்ச்சலைப் பற்றியதுதான். காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்தால் மட்டுமே பிள்ளையை அனுப்பலாம் என்று பல பள்ளிகளில் எழுதியிருப்பார்கள். இதில் 'மருந்து கொடுக்காமலே' என்ற சொற்களில்தான் விதியின் உயிர் இருக்கிறது. பாராசிட்டமாலின் வேலை நான்கிலிருந்து ஆறு மணி நேரம்வரைதான். காலை ஏழு மணிக்குக் கொடுத்து அனுப்பினால் நண்பகலுக்குள் உடம்பு திரும்பச் சுடத் தொடங்கும். அதற்குள் பிள்ளை பக்கத்தில் இருப்பவர்களோடு பென்சிலையும் ரப்பரையும் இருமலையும் பகிர்ந்துகொண்டிருக்கும். வேலைக்குப் போக வேண்டிய பெற்றோரின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. அந்த நெருக்கடிக்கு வேறொரு வீட்டுப் பிள்ளை விலை கொடுக்க நேர்கிறது என்பதும் புரிய வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்குக்கு விலகியிருக்க வேண்டிய நேரம் ஊருக்கு ஊர் வேறுபடும். பிரிட்டனில் கடைசியாக வாந்தியோ பேதியோ ஆனதிலிருந்து 48 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். மருந்தைப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பக் கூடாது, எழுத்துமூலமான அனுமதியோடு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதும், கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கும் வகுப்பில் குறிப்பிட்ட உணவுகளுக்குத் தடை விதிப்பதும் விவாதத்துக்கு உரியவை அல்ல. ஒவ்வாமை சில நிமிடங்களிலேயே மூச்சை அடைத்துவிடக்கூடியது.

ஆனால் பேன் இருந்தால் பள்ளிக்கு வரவே கூடாது என்ற விதி நான் சொன்ன மூன்றாவது வகை. பேனுக்காகவோ ஈருக்காகவோ நலமாக இருக்கும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. தலைப்பேன் நோயைப் பரப்புவதில்லை. தலையோடு தலை உரசினாலன்றிப் பெரும்பாலும் தொற்றுவதும் இல்லை. கண்டுபிடிக்கப்பட்ட நாளில் அது அநேகமாகப் பல வாரங்களாகவே அந்தத் தலையில் குடியிருந்திருக்கும். இதற்காகப் பிள்ளையை நடுவகுப்பில் எழுப்பி வீட்டுக்கு அனுப்பும் பள்ளியிடம், அந்த விதியை மறுபரிசீலனை செய்யும்படி பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை.

வீட்டுப்பாடத்தில்தான் வீடும் பள்ளியும் நாள்தோறும் உரசிக்கொள்கின்றன. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 1987 முதல் 2003 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, வீட்டுப்பாடத்துக்கும் தேர்வில் பெறும் அடைவுக்கும் உள்ள தொடர்பு உயர்வகுப்புகளில் தெளிவாகத் தெரிகிறது. தொடக்க வகுப்புகளில் மிகவும் நலிந்து காணப்படுகிறது. வகுப்புக்குப் பத்து நிமிடம், அதாவது முதல் வகுப்புக்குப் பத்து, மூன்றாம் வகுப்புக்கு முப்பது என்ற அளவுகோலை அவர் ஆதரித்தார். ஏழு வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரம் அழுதுகொண்டே எழுதுகிறது என்றால், அளவு மீறியிருக்கிறது அல்லது பாடம் புரியவில்லை. இரண்டில் எது என்று ஆசிரியருக்குத் தெரிந்தாக வேண்டும். பிறகு எதற்குத்தான் வீட்டுப்பாடம் என்று கேட்டால், பிள்ளை தானாக என்ன செய்ய வல்லது என்று ஆசிரியர் அறிந்துகொள்வதே அதன் முதன்மையான பயன் என்பேன். அந்தப் பயனை நல்லெண்ணத்தோடு கெடுப்பவர்கள் நாம்தான்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். இது கவனக்குறைவால் வந்த தவறு அல்ல. ஒன்றின் இடத்தில் மேலே 2, கீழே 7. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க முடியும் என்று பிள்ளைக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போடுகிறது. பத்தின் இடத்தில் 5இலிருந்து 2ஐக் கழித்து 3 போடுகிறது. தான் அறிந்த விதியைப் பிசகாமல் பின்பற்றித்தான் தவறான விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த 35ஐப் பார்த்த மாத்திரத்தில், பத்தைப் பிரித்து ஒன்றுகளாக மாற்றும் கருத்து பிடிபடவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். வகுப்பில் எட்டுப் பேர் 35 எழுதியிருந்தால் மறுநாள் அதையே திரும்ப எடுப்பார். ஆனால் நாம் இரவு ஒன்பது மணிக்கு ரப்பரை எடுத்து 35ஐ அழித்துவிட்டு, 'கடன் வாங்கு' என்று நாம் படித்த முறையைச் சொல்லி, 25 என்று எழுத வைக்கிறோம். காலையில் தாளில் சரி என்ற குறி விழுகிறது. பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, போதாக்குறைக்கு அரைகுறையாக இரண்டு முறைகள் தலைக்குள் மோதிக்கொள்கின்றன. அழித்த தடத்தையும், பெரியவர்கள் கை பட்டதும் திடீரென்று நேராகிவிடும் எண்களையும் பல ஆசிரியர்கள் அடையாளம் கண்டுவிடுவார்கள். சங்கடம் கருதிப் பேசாமல் இருப்பார்கள்.

பிள்ளை திணறினால் செய்யக்கூடியது எளிதுதான். நியாயமான நேரம் முயன்ற பிறகு நிறுத்திவிட்டு, '20 நிமிடம் முயன்றான், நான்காவது கணக்கில் நின்றுவிட்டான்' என்று ஓரத்தில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பலாம். முழுமையாகச் செய்யப்படாத அந்தத் தாள், முழுமையாகத் திருத்தப்பட்ட தாளைவிட ஆசிரியருக்குப் பல மடங்கு உதவும். தினமும் 15 அல்லது 20 நிமிடம் வாய்விட்டுப் படிக்க வைக்கச் சொல்லும் பள்ளிகளில், பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கியதும் நாமே அதைச் சொல்லிவிடும் பழக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகச் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாகக் கூட்டினாலே பிள்ளைகளின் விடைகள் நீள்கின்றன, வாயே திறக்காதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் காட்டினார். வீட்டில் மூன்று நொடி பொறுப்பது எவ்வளவு கடினம் என்பதை இன்றிரவே சோதித்துப் பார்க்கலாம்.

மறந்துவிட்டுப் போன நோட்டையோ பாத்திரத்தையோ பெற்றோர் கொண்டுவந்து கொடுக்கக் கூடாது என்ற விதியைப் பற்றிச் சண்டையிட ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடியும் மருந்தும் மட்டும் விதிவிலக்காக இருந்தால் போதும்.

நடத்தை விதிகளைக் கொஞ்சம் கூர்ந்து படிக்க வேண்டும். ஏனெனில், பள்ளி பிள்ளையை என்னவாகக் கருதுகிறது என்பது இங்கேதான் வெளிப்படும். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள், பெயருக்கு நேராக நட்சத்திரங்கள், வாரக்கடைசியில் பரிசு ஆகியவை பரவலாக இருக்கின்றன. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் இயல்பாகவே நாட்டமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரங்கள் கழித்து, யாரும் எதுவும் தராத ஓய்வு நேரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு காணப்படவில்லை. எனவே நட்சத்திரம் ஒட்டுவதே கூடாது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. பிள்ளை விரும்பிச் செய்வதற்கெல்லாம் முன்கூட்டியே விலை பேசும் வகுப்பைப் பற்றி மட்டும் கேள்வி கேட்கலாம். சுவரில் அனைவரும் பார்க்கும்படி மாட்டப்பட்ட அட்டவணையில் எனக்குக் கூடுதல் தயக்கம் உண்டு. நாள்தோறும் சிவப்பில் நிற்கும் பெயர் அநேகமாக ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்தப் பிள்ளையை மற்றவர்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சுவர் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

தண்டனையாக இடைவேளை விளையாட்டைப் பறிக்கும் விதி இருந்தால், அதை மாற்றச் சொல்ல வலுவான ஆதாரம் இருக்கிறது. மேலே சொன்ன மருத்துவர் சங்கமே 2013இல் வெளியிட்ட அறிக்கையில், தண்டனைக்காகவோ படிப்பைக் காரணம் காட்டியோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று கூறியிருக்கிறது. ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிக்கும் பிள்ளையிடமிருந்துதான் ஓடியாடும் அந்த இருபது நிமிடம் பெரும்பாலும் பறிக்கப்படுகிறது என்பது இதன் வேடிக்கை. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் முறையையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். வெட்கத்தால் கேட்காமல் அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடும் சின்னப் பிள்ளைகள் உண்டு. வாய்திறக்காமலே கை காட்டும் சைகை ஒன்றை ஏற்பாடு செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அடித்தல் எந்த விதித்தாளிலும் இடம்பெறக் கூடாது. பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்ற முறையில் அமைய வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 28ஆவது பிரிவு சொல்கிறது.

சிவப்பு அட்டை வாங்கிவந்த நாளில், பள்ளியில் அனுபவித்த தண்டனையை வீட்டில் இரண்டாம் முறையாக அனுபவிக்கச் செய்ய வேண்டியதில்லை. 'அதற்கு முன்னால் என்ன நடந்தது?' என்று கேட்டால் பிள்ளை நடந்ததைச் சொல்லும். 'ஏன் அப்படிச் செய்தாய்?' என்று கேட்டால் 'தெரியாது' என்றுதான் சொல்லும், அது உண்மையும்கூட. பிள்ளை சொல்வது பொய்யாக இருப்பது அரிது, முழுமையாக இருப்பது அதனினும் அரிது. 'அவன் என்னைத் தள்ளினான்' என்பதற்கு முந்தைய காட்சியில் அவனுடைய பென்சில் இவள் கையில் இருந்திருக்கலாம். அந்த இன்னொரு பிள்ளைக்கு என்ன தண்டனை கொடுத்தீர்கள் என்று கேட்டு, ஆசிரியர் சொல்ல மறுத்தால் கோபிக்கக் கூடாது. உங்கள் பிள்ளையைப் பற்றி இன்னொரு வீட்டாரிடம் அவர் வாயைத் திறக்காமல் இருப்பதும் அதே விதியால்தான்.

மதிப்பீட்டைப் பொறுத்தவரை, தொடக்க வகுப்புகளில் நூற்றுக்கு இவ்வளவு என்ற முறையைக் கைவிட்டு, ஒன்று முதல் நான்கு வரையிலான நிலைகளைத் தரும் பள்ளிகள் பெருகிவருகின்றன. அத்தகைய அட்டையில் மூன்று என்பது பெரும்பாலும் 'இந்த வகுப்பில் எதிர்பார்க்கப்படுவதை எட்டிவிட்டான்' என்று பொருள்படும். அதை நான்குக்கு மூன்று, அதாவது 75 விழுக்காடு என்று கணக்குப் போட்டு வருந்துவது வீண். ஆண்டின் முதல் அறிக்கையில் இரண்டு வருவதும் இயல்பே, எதிர்பார்க்கப்படுவது ஆண்டிறுதிக்கான இலக்கு என்றால். எழுத்துகளை இடவலமாகத் திருப்பி எழுதுவது ஏழு வயதுவரை சாதாரணமாகக் காணப்படுவதுதான். அதற்கு மேலும் நீடித்து, படிப்பதிலும் தடுமாற்றம் சேர்ந்திருந்தால் தாமதிக்காமல் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால், 'எப்படிப் படிக்கிறான்?' என்ற கேள்வியிலேயே அதில் மூன்று நிமிடம் கரைந்துவிடும். 'நன்றாகப் படிக்கிறான், இன்னும் கவனம் வேண்டும்' என்ற விடை எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். அவன் எழுதிய தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்; புரியாதபோது கை தூக்குகிறானா, பேசாமல் இருந்துவிடுகிறானா என்று கேளுங்கள்; இடைவேளையில் யாரோடு விளையாடுகிறான் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஆசிரியர் சற்றுத் தயங்கினால், அந்தத் தயக்கத்தை மதிப்பெண்ணைவிடக் கருத்தாகக் கவனிக்கத்தான் வேண்டும்.

குறை இருந்தால் முதலில் வகுப்பாசிரியரிடம், பிறகு தலைமையாசிரியரிடம் என்ற வரிசையைப் பள்ளிகள் வற்புறுத்துவதற்குக் காரணம் படிநிலைப் பெருமை மட்டுமல்ல. வகுப்பில் நடந்தது வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும், தலைமையாசிரியரும் அவரைக் கூப்பிட்டுத்தான் கேட்கப்போகிறார். பிள்ளையின் பாதுகாப்புக்கு ஊறு நேரும் விவகாரங்களில் மட்டும் இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு அனுப்பிய செய்திக்கு மறுநாள் மாலையில் பதில் வந்தால் அது அலட்சியம் ஆகாது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: நாளைக்கு என்ன வண்ணத்தில் உடை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது, ஓர் ஆசிரியரைப் பற்றிய குறையைக் கொண்டுபோய்க் கொட்ட அதைவிட மோசமான இடமும் கிடையாது. காலையில் ஒருவர் எழுப்பிய ஐயம், மாலைக்குள் பெற்றோர் அனைவரும் நேரில் கண்ட உண்மையாக மாறிவிடும். ஒரு விதி பொருத்தமற்றது என்று தோன்றினால், 'இந்த விதி எதற்காக ஏற்பட்டது?' என்று நேரில் கேட்பதே சிறந்த தொடக்கம். காரணம் இருந்தால் அது தெரியவரும். காரணம் இல்லாத விதி என்றால், விளக்கம் சொல்ல முயலும்போதே ஆசிரியருக்கும் அது புலப்பட்டுவிடும்.

முதல் வாரத்தில் வந்த அந்தத் தாள்களுக்குள், பெரும்பாலான பள்ளிகளில், ஒரு சிறிய கட்டமும் இருக்கும்: 'உங்கள் குழந்தையைப் பற்றி நாங்கள் அறிந்திருக்க வேண்டியது ஏதேனும் உண்டா?' அநேகமாக எல்லோரும் 'இல்லை' என்று எழுதுவார்கள், இல்லாவிட்டால் ஒரு கோட்டை இழுத்துவிடுவார்கள். விதித்தாள்களிலேயே ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கென்று இடம் விட்டிருப்பது அந்தக் கட்டத்தில் மட்டும்தான். மணிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். வீட்டில் வேறு பெயரால் அழைக்கிறோம், பள்ளிப் பெயரைச் சொன்னால் சில சமயம் திரும்ப மாட்டாள். கழிப்பறைக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க மாட்டாள். இடது காதில் சற்று மந்தம், வலப்பக்கம் நின்று பேசினால் நல்லது. போன மாதம் தாத்தா இறந்துவிட்டார், அவர்தான் தினமும் தூங்க வைப்பார். இவற்றில் எது பொருந்துமோ அதை நான்கு வரியில் எழுதிவிட்டு, அதன் பிறகு அடியில் உள்ள கோட்டில் கையொப்பமிடலாம்.